பதினாலாவது நோட்டு

மகனே,

நீ சவுதியில் ஜுபைலுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் நாம் தொலைபேசியில் பேசியதையெல்லாம் சேர்த்தால் "சாப்பிட்டியா", "ரூம்ல ஏசி ஓடுதா", "அப்பாவுக்கு பிரஷர் எப்படி இருக்கு" என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் தேறாது. நாலாவது ஒரு கேள்வி நமக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டது: "அம்மா, பதினாலாவது நோட்டு எங்க?" அதற்கு நான் அன்று சொன்னது பதில் இல்லை. இதுதான் பதில். கொஞ்சம் நீளம். உனக்குத் தமிழ் படிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். வெள்ளிக்கிழமை லீவில், அவசரமில்லாமல் படி. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் ஒரு பிரதி சென்னை நூலகத்தில் என் பெட்டிகளோடு இருக்கப் போகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அதற்காகப் பதறாதே. இது நன்றாக முடிகிற விஷயம். நான் எழுதிய கதைகளில் அப்படி முடிந்தது ஒன்றுகூட இல்லை.

மதுமிதா சென்னையிலிருந்து முதல்முறை பேசியபோது நான் சிரித்ததை நீ பார்த்தாய். எழுத்தாளர்களின் காகிதங்களை வாங்கி, பூச்சி அரிக்காமல் பெட்டியில் பாதுகாத்து, ஆய்வு செய்ய வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுப்பது அவள் வேலை செய்யும் நூலகத்தின் பணி. முப்பத்தோரு வருடம் கத்தாரிலும் துபாயிலும் ஊசி போட்டு, டிரிப் மாற்றி, மிச்ச நேரத்தில் கதை எழுதிய ஒரு நர்ஸின் காகிதங்களை யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்டேன். "மேடம், உங்க புத்தகமெல்லாம் எங்ககிட்ட இருக்கு. அதெல்லாம் எப்படி உண்டாச்சுங்கிறது உங்க வீட்டுலதான் இருக்கு. அடிச்சுத் திருத்தினது, அனுப்பாத கடிதம், டைரி, எல்லாத்தையும் குடுங்க. நல்லதா பொறுக்கி எடுத்துக் குடுக்காதீங்க" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு வந்த மூன்று வாரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பழைய வேலை முடிந்து ஜுபைல் விசாவுக்காக நீ காத்திருந்த நாட்கள். இங்கே துபாய் வீட்டு ஹாலில் தரையெல்லாம் காகிதம். நீ மடிக்கணினியோடு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தாய். டியூட்டி அட்டவணைத் தாள்களின் பின்பக்கம்தான் நான் பெரும்பாலும் எழுதுவேன். ஒரு பக்கம் மார்னிங், ஈவினிங், நைட் என்று கட்டம் கட்டமாக இருக்கும். திருப்பினால் என் கதையில் வரும் பெண் மணக்குடிக் கடற்கரையில் நடந்துகொண்டிருப்பாள். நீ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுல யாரும்மா பேசுறது, நீயா அவளா?" என்று கேட்பாய். உன் அப்பா சமையலறையிலிருந்து தேநீர் கொண்டுவந்து, வைக்க இடமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். இருபத்தொன்பது வயதில் நீ உன் தாயின் எழுத்தை முதல்முறையாகப் படித்தாய். அதைப் பார்த்தபோது எனக்கு எந்தப் பரிசும் கொடுக்காத ஒரு நிறைவு வந்தது. அதை நானே கெடுத்தேன்.

டைரி நோட்டுகள் மொத்தம் இருபத்துமூன்று. நீ பட்டியலிடும்போது பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வந்தது. மதுமிதாவிடம் நான் தொலைபேசியில், "தோஹா நஜ்மாவுல இருந்து வீடு மாறினப்போ தொலைஞ்சுபோச்சு" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். போனை வைத்ததும், "அம்மா, நஜ்மாவுல இருந்து வந்தப்போ எனக்கு நாலு வயசு. பதிமூணாவது நோட்டுல எனக்கு எட்டு வயசு. அப்போ பதினாலு எப்படி தோஹாவுல தொலையும்?" என்றாய். குற்றம் சாட்டும் தொனியே இல்லை. பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் உன் கவலை. நான் எழுந்து நின்று கத்தினேன். "என் காகிதம், என் இஷ்டம். ஒரு பக்கம் முழுசா தமிழ் படிக்கத் தெரியாதவன் என் நோட்டைப் பத்திப் பேசாண்டாம்" என்றேன். உன் முகம் போன போக்கை இப்போதும் பார்க்கிறேன். நீ பட்டியலைச் சேமித்து, கணினியை மூடி, துணிகளை எடுத்துவைக்கப் போய்விட்டாய். மூன்று வாரம் எழுத்துக்கூட்டிப் படித்தவனிடம் நான் சொன்ன வார்த்தை அது. அந்த நோட்டு அப்போது பத்தடி தள்ளி, சமையலறை மேல்தட்டில், பெரிய இட்லிப் பானைக்குள் இருந்தது.

அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். நாம் துபாயில் குசைஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தபோது ஏழாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. படித்தவர்கள், கோயில், கச்சேரி என்று எல்லா இடத்திலும் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். பெயர் வேண்டாம். அவர்கள் வீட்டில் வேலைக்கு இருந்தவள் தையல்நாயகி. நாகப்பட்டினம் பக்கத்துப் பெண், அப்போது இருபத்திரண்டு வயது. உனக்கு நினைவிருக்கும், 'தையல் அக்கா' என்று நீ கூப்பிடுவாய். குப்பை போட இறங்கும் ஐந்து நிமிடத்தில் நம் வீட்டுக்கு வருவாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். அவள் சொல்லச்சொல்ல அவள் அம்மாவுக்கு நான் கடிதம் எழுதுவேன். ஒரு நாள் சொன்னாள்: "வெளிய போறப்ப என்னை உள்ள வச்சு பூட்டிட்டுப் போறாங்கக்கா. அதை எழுதிடாதீங்க, அம்மா பயந்துக்கும்." கடிதத்தில் நான் அதை எழுதவில்லை. கதையில் எழுதினேன்.

'ஏழாம் மாடி' என்று அந்தக் கதைக்குப் பெயர் வைத்தேன். அவள் பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஆனால் அவள் பால்கனியில் துணி உலர்த்தும்போது போகிற விமானத்தின் வாலைப் பார்த்து "இது திருச்சி, இது கொச்சி" என்று சொல்வதை மாற்றவில்லை. அது அவ்வளவு நன்றாக இருந்தது, விட மனம் வரவில்லை. கதையின் முடிவில் அந்தப் பெண் பால்கனியிலிருந்து குதித்துச் சாகிறாள். கதை ஊரில் ஒரு பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகைக்கு ஏழாம் மாடி அம்மாள் சந்தா கட்டியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இதழ் வந்த மூன்றாம் நாள் தையல்நாயகியின் விசாவை ரத்து செய்து, ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

அன்று பகல் பதினோரு மணி. நைட் டியூட்டி முடிந்து வந்து நான் படுத்திருந்தேன். நீ பள்ளியில் இருந்தாய். மணி அடித்தது. கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். தையல்நாயகி ஒரு பையோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஏழாம் மாடி வீட்டுக்காரர் நின்றிருந்தார். திறந்தால் அவர் என்னைக் கேட்பார், பெரிய இடத்தில் பழக்கமுள்ளவர், என் ஆஸ்பத்திரிக்குச் சொல்வார், என் விசா என்ன ஆகும், உன் பள்ளி என்ன ஆகும்... இத்தனையும் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. மூன்று முறை அடித்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. அன்று மாலை பதினாலாவது நோட்டில் எழுதினேன்: 'மணி மூன்று முறை அடித்தது. நான் திறக்கவில்லை. அவளை அனுப்பியது அவர்கள் இல்லை. என் கதை.'

அந்தக் கதைக்குத்தான் எனக்குப் பரிசு கிடைத்தது. எழுத்தாளர் என்று என்னை நாலு பேர் அழைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கூட்டங்களில் பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். "அந்தப் பொண்ணை நினைச்சா மனசு கெடந்து அடிச்சுக்குதும்மா" என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். நூலகமும் முதலில் கேட்டது 'ஏழாம் மாடி'யின் கையெழுத்துப் பிரதியைத்தான். கதையைக் கொடுத்து, அந்தக் கதை செய்ததை இட்லிப் பானையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நீ விமானம் ஏறிய மறுநாள் உன் அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவன் கேட்டதுல என்ன தப்பு? அந்த நோட்டைக் குடுக்கலாமா வேண்டாமான்னு நீ ஒருத்தி முடிவு பண்ண முடியாது. அந்தப் பொண்ணுட்ட கேக்கணும்." அவள் இருக்கிறாளோ இல்லையோ என்றேன். "தேடாம எப்படித் தெரியும்?" என்றார். நாற்பது வருடமாக அவர் என் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்ன ஒரே விமர்சனம் அதுதான்.

நாகப்பட்டினத்துக்காரப் பெண்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளிடம் என் குரலில் ஒரு செய்தி பதிந்து அனுப்பினேன். பெயர், ஏறக்குறைய வயது, துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவள், யாருக்காவது தெரியுமா என்று. ஊரிலிருந்து பதில் வரும், நானே நாகப்பட்டினம் போய் அவள் வாசலில் நிற்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். எட்டாம் நாள் ஒரு பெண் குரல் வந்தது: "நீங்க தேடுற ஆளு ஊர்ல இல்லீங்க. துபாய்லதான் இருக்கு. டாக்சி ஓட்டுது. நம்பர் தரவா?"

மகனே, நான் அந்தச் செய்தியை ஐந்து முறை கேட்டேன். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். பிறகு அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொல்வதற்குள் அந்தப் பக்கம், "நர்ஸ் அக்காவா?" என்றது குரல். ஆமாம் என்றேன். இப்போது எங்கே குடியிருக்கிறோம் என்று கேட்டாள், சொன்னேன். "நாளைக்கு நாலு மணிக்கு உங்க பில்டிங் கீழ வர்றேன். டியூட்டி நேரம், மீட்டர் ஓடும், பரவாயில்லையா?" என்றாள். பரவாயில்லை என்றேன். வைத்துவிட்டாள்.

பெண்களும் குடும்பங்களும் மட்டும் ஏறுகிற ரோஸ் நிறக் கூரை வைத்த டாக்சி அது. உள்ளே சீருடை, தலையில் ரோஸ் துணி, மூக்குக் கண்ணாடி, கையில் ஸ்டியரிங். நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை நான் எதிர்பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனதில் அவள் இருபத்திரண்டிலேயே நின்றுபோயிருந்தாள். பின்னால் ஏறப் போனேன். "முன்னாடி ஒக்காருங்கக்கா, பேசணும்ல" என்றாள். தொழிலாளர் முகாம்கள் இருக்கும் சோனாப்பூர் வழியாகப் போனோம். வேலை முடிந்து ஆட்களை இறக்கும் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. அவள் அந்த நெரிசலுக்குள் வண்டியை நூல் கோப்பதுபோல் ஓட்டினாள். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"ஏன்க்கா என்னைச் சாவடிச்சீங்க?"

"கதைக்காக..." என்றேன்.

"நான் உசுரோட இருந்தா கதை ஆவாதா?"

"படிக்கிறவங்க மனசுல தைக்கணும்னு நினைச்சேன் மக்ளே."

"நான் ஊருக்குப் போயி எறங்குறதுக்கு முன்னாடி உங்க கதை வந்துடிச்சுக்கா. நீங்க எழுதுற கடுதாசியெல்லாம் எங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காமிக்கிற எங்க ஊரு டீச்சரம்மா அதைப் படிச்சிட்டு, இது நம்ம தையலு கதைதான்னு எங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காமிச்சிருக்கு. எங்க அம்மா ரெண்டு நாளு சோறு திங்கல. நான் வாசல்ல பையோட நிக்கிறேன், எங்க அம்மா என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்குது. அப்பறம் தெருவுல போறவன் வர்றவன்லாம், நீதான் செத்துட்டன்னு போட்டிருந்துச்சேன்னு கேட்டான்." அவள் குரல் உயரவில்லை. சிக்னலில் வண்டியை நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள். "நான் எங்கயும் குதிக்கலக்கா. லிஃப்ட்ல எறங்கி வந்தேன்."

மம்சார் கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினாள். நான் அழுதேன். அவள் டாஷ்போர்டிலிருந்த காகிதத் துண்டுகளை நீட்டிவிட்டுக் காத்திருந்தாள். அன்று நான் உள்ளேதான் இருந்தேன், திறக்கவில்லை என்று சொன்னேன். இருபது வருடத்தில் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்முறை. "தெரியும்க்கா" என்றாள். "கதவு ஓட்டைல வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. திடுக்குன்னு இருட்டாச்சு. கண்ணு வச்சுப் பாக்குறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"பிறகு ஏன் மூணு தடவை அடிச்சே?"

"ஒதவி கேக்க வரலக்கா. தம்பி பொஸ்தகத்தைக் குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அவளுக்கு நீ ஆங்கில எழுத்து சொல்லிக்கொடுத்தாயாம். உன் பழைய எல்.கே.ஜி. புத்தகத்தைக் கொடுத்து, "எழுதிக் காட்டினாதான் அடுத்த பக்கம்" என்று மிரட்டினாயாம். அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவளுக்கு நான் கதவைத் திறக்கவில்லை. அவள் அதை ஊருக்குக் கொண்டுபோனாள். அதில் பிடித்துக்கொண்டதுதான் அவள் படிப்பு. பிறகு ஒரு பள்ளியில் துப்புரவு வேலைக்கு விசா வாங்கித் திரும்ப வந்தாள். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினாள். டிரைவர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து, நானும் ஓட்டினால் என்ன என்று நினைத்தாள். ரோடு டெஸ்டில் நாலு முறை ஃபெயில். "அஞ்சாவது தடவ அந்தப் போலீசம்மா யல்லா யல்லா, சீக்கிரம் போன்னு வெரட்டுச்சு. நானும் மெரளாம ஓட்டுனேன். பாஸ்னு சொன்னப்ப எறங்கி ரோட்டுலயே ஒக்காந்துட்டேன்க்கா" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் தம்பியைப் படிக்க வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறாள். இவளை நான் ஒரு பால்கனியிலிருந்து கீழே தள்ளி, அதற்குப் பரிசும் வாங்கியிருந்தேன்.

அந்த நோட்டைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். பெட்டி, நூலகம், ஆய்வு எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். "அந்தக் கதை அங்க இருக்குமா? நூறு வருசம் கழிச்சும் இருக்குமா?" இருக்கும் என்றேன். "அப்ப நோட்டும் இருக்கட்டும். நான் சொல்றதும் இருக்கட்டும். என் பேரோட, எங்க அப்பா பேரோட" என்றாள். நான் உற்சாகமாகக் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன், சொல்லு, எழுதிக்கிறேன் என்று. என் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். "நீங்க வேணாம்க்கா. நீங்க எழுதுனா திரும்பவும் சாவடிச்சுடுவீங்க."

மகனே, இருபது வருடத்தில் என் எழுத்தைப் பற்றி எத்தனையோ மதிப்புரைகள் வந்திருக்கின்றன. அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவளே எழுதினாள். தமிழ் எழுத்து மறந்துபோயிருந்தது. மாதத்தில் இரண்டு விடுமுறை நாளில் நம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். உன் அப்பா இந்தமுறை தேநீரை வைக்க இடம் கண்டுபிடித்தார். இருநூறு பக்கப் பள்ளி நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டாள். றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் போடுவாள். என் கை துறுதுறுக்கும். ஒருமுறை பென்சிலை எடுத்துவிட்டேன். "கலாஸ்க்கா, போதும், கைய எடுங்க" என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் மீனைக் கழுவினேன். ஐந்து மாதத்தில் நாற்பத்தாறு பக்கம் எழுதினாள். முடித்த அன்று எனக்குப் படித்துக் காட்டினாள். பூட்டிய கதவுக்குள்ளே அவள் பயந்துகொண்டிருந்தாள் என்று நான் எழுதியிருந்தேன். அவளோ, அந்த வீட்டு அம்மாளின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடியதை எழுதியிருந்தாள். ஃபிரிட்ஜிலிருந்த கேக்கைத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கத்தியால் நேராக வெட்டி யாருக்கும் தெரியாமல் சமன் செய்ததை எழுதியிருந்தாள். அழுததையும் எழுதியிருந்தாள், ஒரு பத்தியில். மூன்றாம் மாடிக் கதவைப் பற்றி இரண்டே வரி. 'நர்சக்கா கதவ தெரக்கல. அவங்களுக்கும் பயம் இருந்திருக்கும், ஆனா தெரந்திருக்கலாம்.' அந்த இரண்டு வரியை நான் எவ்வளவு முயன்றாலும் எழுதியிருக்க முடியாது. அதில் தண்டனையும் இருக்கிறது, மன்னிப்பும் இருக்கிறது, ஒன்றை ஒன்று மறைக்கவில்லை.

மதுமிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தோஹாவில் தொலைந்தது என்ற பொய்யையும் சேர்த்து. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு நோட்டும் வேணும் மேடம். ஆனா அவங்க எழுதினதை உங்க பெட்டிக்குள்ள போட மாட்டோம். அவங்க தனி எழுத்தாளர். அவங்களுக்குத் தனிப் பெட்டி" என்றாள். தையல்நாயகியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "நாப்பத்தாறு பக்கத்துக்கு ஒரு பெட்டியா? மிச்ச எடத்துல என்னத்தை வக்கிறது?" என்றாள். இன்னும் எழுதி வை என்றேன்.

சென்ற மாதம் மதுமிதா நேரில் வந்தாள். கராமாவில் ஒரு உணவகத்தின் மாடி ஹாலில் சின்னக் கூட்டம். நர்ஸுகளும் என் வாசகர்களும் வந்திருந்தார்கள். தையல்நாயகியோடு டாக்சி ஓட்டும் பெண்கள் ஏழு பேர் சீருடையிலேயே வந்து நடு வரிசையை நிரப்பினார்கள். தமிழ் தெரியாத பிலிப்பினோ பெண்களும் இருந்தார்கள். எங்கே கைதட்ட வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத் தட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பதினாலாவது நோட்டைத் திறந்து அந்த நாளின் பக்கத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினேன். அடுத்ததாக அவள் ஏறினாள். ஒலிவாங்கியைச் சரிசெய்தாள், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "என் பேரு வடிவேலு மவ தையல்நாயகி. நான் சாவல" என்றுதான் ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பும் கைதட்டலும் அடங்க எவ்வளவு நேரமானது தெரியுமா? கேக்கை வெட்டிய இடம் வந்தபோது ஹாலே குலுங்கியது. முடித்தபோது நர்ஸுகள் எழுந்து நின்றார்கள், டிரைவர் பெண்கள் விசிலடித்தார்கள், உன் அப்பா நாற்காலிமேல் ஏறாத குறை. நூலகத்தின் ஒப்படைப்புப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் அவள் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய எழுத்தில் எழுதினாள்: டாக்சி டிரைவர், எளுத்தாளர். நான் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும், நூறு வருடம்.

உனக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு. உன்னிடம் நான் அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னித்துவிடு. ஒரு பக்கம் தமிழ் படிக்கத் தெரியாதவன் என்று நான் ஏளனம் செய்தவன்தான் ஒன்பது வயதில் மாடிப்படியில் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறான். நான் கதவைச் சாத்திய வீட்டிலிருந்து வெளியே போன ஒரே நல்ல காரியம் நீ செய்தது. இன்னொன்று, நீ இப்போது ஜுபைலில் அறுபது பேரை வைத்து வேலை வாங்குகிறாய். அவர்களைப் பார்த்து உனக்கு இரக்கம் வரும், உன் மனசு எனக்குத் தெரியும். இரக்கப்படுவதற்கு முன்னால் கேட்டுவிடு. எனக்கு இரக்கம் நிறைய இருந்தது மகனே, கேட்கத்தான் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பட்டுப்புடவை கட்டி ஆடியதை அன்றே சொல்லியிருப்பாள், என் கதையும் இன்னும் நல்ல கதையாக இருந்திருக்கும். தப்பு செய்துவிட்டால், உன்னைக் கேள்வி கேட்பவன்மேல் பாயாதே. அவன்தான் உனக்கு வழிவிடுகிறான். அதை நான் அறுபத்திரண்டு வயதில் உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

நேற்று மதுமிதா செய்தி அனுப்பியிருந்தாள். பெட்டிகள் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டுவிட்டனவாம். மதுரையிலிருந்து ஆய்வு செய்யும் ஒரு பெண் முதல் ஆளாக வந்து சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் பதினோரு பெட்டிகளில் ஒன்றையும் கேட்கவில்லை. தையல்நாயகியின் நோட்டைக் கேட்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடம் எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்த நிமிடம் அடக்க முடியாத சந்தோஷம். உடனே தையல்நாயகிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ஏர்போர்ட்டில் வரிசையில் நின்றிருந்தாள். "அப்படியாக்கா? படிக்கட்டும், படிக்கட்டும். இருங்க, சவாரி ஏறுது, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் லீவில் வருகிறாயே, விமான எண்ணை அனுப்பு. அவள்தான் உன்னை அழைக்க வருவாளாம், வேறு யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்த டாக்சியில் தனி ஆணை ஏற்றுவதற்கு அனுமதி இல்லை. குடும்பத்தோடு இருந்தால்தான் ஏற்றுவாள். அதனால் நானும் வருகிறேன். முன்சீட்டு எனக்கு. உன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ பின்னால் உட்கார்.

உன் அம்மா